குறை சொன்னால் தங்கும்

ஆஸ்பத்திரிகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் தாலுகா ஆஸ்பத்திரி நிதானமாகத்தான் நடக்கும். உள்ளே ஆபரேஷன் என்றால் நின்றுவிடும்.

முதலில் அது பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு நாள் அங்கே கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். சிகிச்சை இன்னும் தரமாக, எல்லோருக்கும் கிடைக்க என்ன செய்யலாம் என்று ஓர் அதிகாரி கேட்டார். மாத்திரை இல்லை, படுக்கை போதவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்கள் தெரு தையல்காரர் இருதயராஜ் எழுந்தார்.

"ரெண்டு பஸ் மாறி வர்றோம் சார். வந்து சேர்றதுக்குள்ள டாக்டர் போயிடறாங்க."

அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் கட்டடம் கேட்டுக்கொண்டது. மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்கு வந்து, தையல்கடைக்குப் பக்கத்துக் காலிமனையில் உட்கார்ந்தது.

அந்த மழைக்காலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தெரு முழுக்க பினாயில் வாசனை. நர்ஸம்மாக்கள் எங்கள் கொல்லையில் கறிவேப்பிலை பறித்துப் போவார்கள். என் அக்கா செண்பகவல்லிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. டாக்டர் மும்தாஜ் வார்டு ஜன்னலில் நின்று, எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கேட்பார்.

"செண்பகம், மூச்சு எப்படி இருக்கு?"

அக்கா கரண்டியை வைத்துவிட்டு நன்றாக இழுத்து விட்டுக் காட்டுவாள். டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த படுக்கைக்குப் போவார்.

நாளடைவில் குறை சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதுதான் பிசகு. ஒரு நாள் எழுந்து பார்த்தால் மனையில் ஆஸ்பத்திரி இல்லை. மலைமேல் கருங்காடு என்ற ஊரில், பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கிப் போகிறோம் என்று பெண்கள் அழுதிருக்கிறார்கள். அது ஏறிப் போய்விட்டது. நியாயம்தானே என்றார் இருதயராஜ். அக்காவும் அதையேதான் சொன்னாள். ஆனால் சமையலறை ஜன்னலை அவள் சாத்தவே இல்லை.

தைப் பனியில் அவளுக்கு இழுப்பு கண்டது. உதடு நீலம் பாரித்தது. மொபெட்டில் உட்காரவைத்து, பழைய புடவையால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறினேன். என் முதுகில் அவள் மூச்சு விசில் போலக் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் தேய்ந்தது. ஒரு வளைவில் திரும்பியபோது ஆஸ்பத்திரி எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தது.

எங்களைக் கண்டதும் பாறையோரம் ஒதுங்கிப் படியைத் தாழ்த்தியது. மும்தாஜ் ஓடி வந்து அக்காவின் முகத்தில் மாஸ்க்கை வைத்தார். ஆவி குபுகுபுவென்று வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது.

"ஏன் மேடம் இறங்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா பாக்கறாங்கன்னு அங்கயும் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்கப்பா. அப்புறம் இது நிக்கல."

"இனிமே எங்க?"

"யாரு குறை சொல்றாங்களோ, அங்க."

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "இப்ப எப்படி இருக்கு செண்பகம்?"

"நல்லா..." என்று தொடங்கிய அக்கா நிறுத்திக்கொண்டாள். யாரையும் எதையும் குறை சொல்லிப் பழக்கமில்லாதவள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஃபேன் சத்தம் போடுது மேடம்" என்றாள். "தலையணை மேடும் பள்ளமுமா இருக்கு. அப்புறம்... எங்க வீட்டுக்கு ரொம்பத் தூரமா இருக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். மும்தாஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தரை லேசாக அசைந்தது.

நான் மொபெட்டில் முன்னால் போனேன். அக்காவோடு ஆஸ்பத்திரி பின்னால் வந்தது. ஆற்றுப் பாலத்தருகே பள்ளிக்கூடம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதன் கதவுகளைக் கழற்றித் துணிபோலக் கரையில் காயவைத்து, காவலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பாலத்தைக் கடந்தது.