துக்கம் விசாரிக்கப் போன வீடு

சித்தூரில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சாம்ராஜுக்கும், மிஷன் பள்ளி விடுதியில் சமையல் செய்த அவர் மனைவி கிருபாபாய்க்கும் ஒரே பிள்ளை சுந்தர்சிங். குவைத்துக்கு ஏசி மெக்கானிக்காகப் போனவன், இரண்டாம் வருஷம் அங்கே சாலை விபத்தில் இறந்துபோனான். உடல் வந்து சேரும்வரை வீடு நிறைய ஜனம். ஒருவர் கர்த்தருடைய சித்தத்தை விளக்கினார். இன்னொருவர், வெளிநாட்டுக்கு அனுப்பியதே தப்பு என்றார். மூன்றாமவர் சாம்ராஜைத் தனியாக அழைத்துப்போய், காலியான அந்த வேலைக்குத் தன் மச்சானை எடுப்பார்களா என்று விசாரித்தார். அடுப்பு பற்றவைக்காமல் கிடந்ததைக் கவனித்தவள் பக்கத்து வீட்டு செங்கம்மா ஒருத்திதான். கஞ்சி காய்ச்சி இருவரையும் குடிக்கவைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.

அந்தக் கஞ்சியை அவர்களால் மறக்க முடியவில்லை. பிள்ளையை இழந்த வீடு எங்காவது இருப்பதாகக் கேள்விப்பட்டால், இருவரும் கிளம்பிப் போக ஆரம்பித்தார்கள். கிருபாபாய் நேராகச் சமையலறைக்குள் நுழைவாள். சாம்ராஜ் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொள்வார். பலமனேர் பஸ்ஸில் காலமெல்லாம் ஆளை ஏற்றி இறக்கிய குரல் அது. "ஆறுதல் சொன்னவங்கல்லாம் எறங்கலாம், வெளிய நிக்கிறவங்க ஏறணும்" என்று அவர் சொன்னால், உபதேசம் பாதியில் நின்று ஆள் வெளியே வந்துவிடுவார்.

திருச்சானூரில் கன்னையா என்பவரின் மகன், குவைத்தில் டிரைவராக இருந்தவன், இறந்துவிட்டதாகச் சபையில் ஒரு நர்ஸ் சொன்னாள். உடல் இன்னும் வரவில்லையாம். ஒரு லாட்ஜுக்குப் பின்னால் பச்சை கேட்டு போட்ட வீடு என்று அடையாளம் கொடுத்தாள். இருவரும் திருப்பதிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள்.

லாட்ஜுக்குப் பின்னால் பச்சை கேட்டு இருந்தது. வாசலில் குவியலாகச் செருப்பு. உள்ளே ஒரு பெண் அழும் சத்தம். சாவு வீட்டு வாசலில் நின்று விலாசம் கேட்கக் கூடாது என்பது கிருபாபாயின் கொள்கை. அதனால் கேட்கவில்லை.

சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பத்மாவதி என்ற அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்து, "எம் புள்ளையும் இப்டிதாம்மா போனான்" என்றாள் கிருபாபாய்.

"இனிமே எப்போ பார்ப்பேன்னு தெரியலியே" என்றாள் பத்மாவதி.

"ஒருநாள் நாமளும் அங்க போவோம். அப்போ பார்ப்போம்."

"எனக்கு விசா குடுப்பாங்களா?"

துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்த கிருபாபாய், அவள் தலையைத் தடவிவிட்டு ரசம் வைக்கப் போனாள். சாம்ராஜ் கூட்டத்தை இறக்கினார். சம்பந்தி வகையாக இருக்கும் என்று நினைத்து எல்லோரும் மரியாதையாக வெளியேறினார்கள். அப்போது டெலிபோன் அடித்தது. சாம்ராஜே எடுத்தார்.

"பையன் போயிட்டாம்பா. அம்மா பேசுற நெலமையில இல்ல. நீ யாரு?"

"நான்தாங்க அந்தப் பையன், சிரஞ்சீவி" என்றது குரல். "அமெரிக்கா வந்து சேர்ந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லணும்."

சாம்ராஜ் ரிசீவரை பத்மாவதியிடம் நீட்டிவிட்டு, சமையலறை வாசலில் போய் மனைவியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பேசி முடித்த பத்மாவதிக்கு அப்போதுதான் இவர்கள் யார் என்ற கேள்வி வந்தது. விஷயம் விளங்கியதும் அவள் முகம் சிவந்தது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்குத் தன் வீட்டு அடுப்பிலேயே சாவுச் சோறு ஆக்குகிறீர்களா என்று கேட்டாள். கரண்டியும் கையுமாக நின்ற கிருபாபாய் மன்னிப்புக் கேட்டு, தன் மகனைப் பற்றியும், தேடி வந்த வீட்டைப் பற்றியும் சொன்னாள். பத்மாவதியின் கோபம் அடங்கிப்போனது.

"அது பின்னாடி சந்து. பயணம் போற புள்ள இருக்கிற வூட்ல இருந்து சாவு வூட்டுக்குப் போவக்கூடாதுன்னாங்க. அந்தம்மா அழுவுறது இங்க கேட்டுக்கினே இருந்திச்சு. நான் பொட்டி அடுக்கிக்கினு இருந்தேன்."

பிறகு பத்மாவதி ஒரு துணியைப் பிடித்து ரசப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள். ஆறுவதற்குள் கொண்டுபோகலாம், வாருங்கள் என்றாள்.

கன்னையா அந்த லாட்ஜின் வாட்ச்மேன். அவர் வீட்டுத் தகரக் கதவுக்கும் பச்சைப் பெயின்ட்தான் அடித்திருந்தது. மகன் திருமலை இறந்த செய்தி வந்ததிலிருந்து அவர் சாப்பிடவில்லை, அழவில்லை, பேசவும் இல்லை என்றாள் அவர் மனைவி சுந்தரம்மா. இறக்கிவிட அங்கே கூட்டம் ஏதும் இல்லை. வேலையில்லாமல் போன சாம்ராஜ், கன்னையாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், சற்று முன் நடந்ததையே சொல்ல ஆரம்பித்தார். 'நான்தாங்க அந்தப் பையன்' என்ற இடத்துக்கு வந்தபோது கன்னையாவின் தோள்கள் குலுங்கின. சாம்ராஜ் பயந்துபோய் நிறுத்தினார். கன்னையா சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்காமல் போய், இருமலாகி, கடைசியில் வாய்விட்ட அழுகையாக மாறியது.

"புள்ள இன்னும் ஊரு வந்து சேரல, சிரிக்கிறியே" என்றாள் சுந்தரம்மா.

"உடும்மா" என்றாள் கிருபாபாய். "நாங்களும் ஒருநா அப்டி சிரிச்சிட்டோம். அப்புறம் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க முடியல. அதுல தப்பு ஒண்ணும் இல்லன்னு யாருனா சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

பத்மாவதி தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினாள். கன்னையா ஒரு வாய் தின்றுவிட்டு, அத்தனை நாளைக்கும் சேர்த்து முதல் வார்த்தையாக, "உப்பு இல்ல" என்றார். விடுதியில் யார் குறை சொன்னாலும் சண்டைக்குப் போகும் கிருபாபாய், பேசாமல் எழுந்து உப்பு எடுத்து வந்தாள்.

உடல் வந்த அன்று, சென்னை விமான நிலையத்தில் கன்னையாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது சாம்ராஜ்தான். வேன் பிடித்துக் கொடுத்தது பத்மாவதியின் கணவர்.

மறுவருஷம் பலமனேரில் மகளைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்கு, கன்னையாவும் சுந்தரம்மாவும் சேர நான்கு பேராகப் போனார்கள். அந்தத் தகப்பன் பக்கத்தில் கன்னையா சும்மா உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து அவன், நீங்கள் யார் என்று கேட்டான். தனக்கும் ஒரு பிள்ளை இருந்தான் என்றார் கன்னையா. எப்படிப்பட்ட பையன் என்று அவன் கேட்டான். லாட்ஜ் முதலாளியின் காரில் திருமலை டிரைவிங் பழகி, முதல் நாளே அதைக் கால்வாயில் இறக்கிய கதையிலிருந்து தொடங்கினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாம்ராஜ் வாசலிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். கன்னையா எழுந்திருக்கவில்லை.