குதிரைக் காதில் ஒரு குறை

திபிலிசியில் பழைய சாமான் சந்தை கூடும் 'வறண்ட பாலம்' என்ற பாலத்தில் சதுரங்கம் வாங்க வருகிறவர்கள் முதலில் ஒரு ஆட்டம் ஆடியாக வேண்டும். சர்க்கார் போட்ட சட்டம் அல்ல அது, ஜும்பெர் போட்டது. நடைபாதையில் போர்வை விரித்து முப்பது வருஷமாகப் பழைய செட்டுகளை விற்கிறார்.

"போட்டுப் பாக்காம செருப்பு வாங்குவீங்களா? நகர்த்திப் பாக்காம இதை மட்டும் எப்படி வாங்குவீங்க?" என்பார். எதிரே ஒரு மடக்கு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும்.

ஏழாவது ஞாயிறாக ஸியூரி அதில் வந்து உட்கார்ந்தாள்.

"வாங்க அம்மணி. போன வாரம் சிப்பாய்க்கு அடியில ஈயம் போதலைன்னீங்க. அதுக்கு முந்தின வாரம் கறுப்புச் சாயம் கையில ஒட்டுதுன்னீங்க. இன்னைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"முதல்ல காட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

அவர் வாதுமை மரப் பலகை ஒன்றைப் பிரித்து வைத்தார். ஸியூரி எதிரெதிர் மூலைகளை விரலால் அழுத்தினாள். பலகை ஆடவில்லை. ஒரு கட்டத்துக்குள் நாலு சிப்பாய்களை நிறுத்தினாள். இடிக்காமல், இடைவெளி விடாமல் நின்றன. ராஜாவை ஒரு பக்கமாகச் சாய்த்து விட்டாள். அது ஆடித் தானாகவே நிமிர்ந்து நின்றது.

"ம்" என்றாள்.

"ம்முன்னா என்ன அர்த்தம்?"

"ஆடிப் பாத்தாத்தானே தெரியும்."

ஆடினார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கணவன் ரெவாஸ் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தான். கல்யாணத்தின்போது சீதனத்தோடு அவள் கொண்டுவந்த செட்டில்தான் நாற்பத்தொரு வருஷம் இருவரும் ஆடினார்கள். அடக்கத்தன்று என்ன தோன்றியதோ, போகிற இடத்தில் அவனுக்குப் பொழுது போக வேண்டாமா என்று, அந்த செட்டை அவன் கைப்பக்கம் வைத்துச் சவப்பெட்டியை மூடச் சொல்லிவிட்டாள். இவளுடைய பொழுதைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தாலியில் யாரோ ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் மகள், "போன்லயே ஆடலாமே அம்மா" என்றாள். ஆடிப் பார்த்தாள். போன் பெருமூச்சு விடவில்லை. தோற்றபோது காலை உதைத்துக்கொள்ளவும் இல்லை.

ஜும்பெர் பெருமூச்சு விடுவார். காயை வெட்டினால் அதை உள்ளங்கையிலேயே உருட்டிக்கொண்டிருப்பார்.

"உங்க ராணி பாவம், அம்மணி. போக இடமில்லாம நிக்கிறா."

"அவளை விடுங்க. உங்க ஆமையைப் பாருங்க. மூலையில தூங்குது." மூலைவாட்டில் ஓடும் காயை அங்கே ஆமை என்றுதான் சொல்வார்கள்.

ஆட்டம் சமனில் முடிந்தது. ஸியூரி வெள்ளைக் குதிரை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இந்தக் குதிரையோட காது சரியில்லையே."

"காதா?"

"ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு. பாத்துக்கிட்டே இருந்தா எனக்குத் தலை வலிக்கும். வேற கிடைச்சா எடுத்து வைங்க. அடுத்த ஞாயிறு வரேன்."

பக்கத்துப் போர்வையில் பீங்கான் தட்டு விற்கும் வெனேரா சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினாள்.

"ஜும்பெர் அண்ணே, உனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல தெரியாத மாதிரி இருக்கியா? அந்த அக்கா செட்டு வாங்கவா வருது? ஓசியில பொழுதைப் போக்கிட்டுப் போகுது. அந்த நாற்காலியில நிஜமா வாங்குறவன் ஒருத்தன் உக்காந்திருப்பான்ல?"

"நீ தட்டைப் பாரு, வெனேரா."

"நான் தட்டைத்தான் பாக்குறேன். உன்னைத்தான் ஊரு பாக்குது."

ஸியூரிக்குக் காது மடல் சுட்டது. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்தாள்.

"கட்டுங்க. பலகையும் சேத்து."

"காது…?"

"காது நல்லாத்தான் இருக்கு."

ஜும்பெர் முப்பத்திரண்டு காய்களையும் ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவ்வளவு மெதுவாக அவர் கட்டி அவள் பார்த்ததில்லை.

அன்று சாயந்திரம் சமையலறை மேஜையில் பலகையை விரித்தாள். ராஜாவின் அடிப்பாகம் கட்டத்தில் முக்கால் இடத்தை அளவெடுத்தாற்போல் அடைத்து நின்றது. குறை சொல்ல ஒரு கீறல் கூட இல்லை. வெள்ளையை நகர்த்தினாள், எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து கறுப்பை நகர்த்தினாள், மறுபடி இந்தப் பக்கம் வந்தாள். நாலாவது தடவை எழுந்தபோது முட்டி பிடித்தது.

"உக்காந்த இடத்துலயே ஆடேன், ஸியூரி" என்று சொல்லக் கூட ஆளில்லை. தானே சொல்லிப் பார்த்தாள். நன்றாக இல்லை.

அடுத்த ஞாயிறு பாலத்துக்குப் போனாள். என்ன சொல்லிக்கொண்டு உட்காருவது என்று வழியெல்லாம் யோசித்தாள். மடக்கு நாற்காலியில் முதுகுப்பையோடு ஒரு வெளியூர்க்காரன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் வெட்டிய காயை ஜும்பெர் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸியூரி வெனேராவின் தட்டு ஒன்றை எடுத்து விலை கேட்டாள், வைத்தாள், திரும்பிவிட்டாள்.

அதற்கும் அடுத்த ஞாயிறு ஜும்பெர் தன் போர்வையை விரித்து நிமிர்ந்தபோது, வெனேராவுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு விரிப்பு இருந்தது. அதன்மேல் வாதுமைப் பலகை. காய்கள் அணிவகுத்து நின்றன. ஒரு பக்கம் சமையலறை முக்காலியில் ஸியூரி. எதிரே இன்னொரு முக்காலி, காலியாக.

வெனேராதான் முதலில் வாயைத் திறந்தாள். "என்னக்கா இது? வாங்கி ரெண்டு வாரந்தான் ஆச்சு, அதுக்குள்ள விக்க வந்துட்ட?"

"விக்கத்தான்."

"எவ்வளவு?"

"ஆயிரம் லாரி." லாரி என்பது அந்த ஊர்ப் பணம்.

"ஆயிரமா! உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இந்த விலைக்கு எவன் வாங்குவான்?"

"வாங்க வேண்டாமே. ஆனா வாங்குறதுன்னா முதல்ல ஒரு ஆட்டம் ஆடணும். இந்தப் பாலத்துல அதுதானே வழக்கம்?"

வெனேரா கையிலிருந்த விதையை வாயில் போட மறந்தாள்.

காலையில் இரண்டு பேர் நின்றார்கள். விலையைக் கேட்டார்கள், சிரித்தார்கள், போனார்கள். ஒருவன் படம் எடுத்தான். மதியம் ஆற்றுக் காற்று திரும்பியது. ஸியூரி குடுவைத் தேநீரைத் தான் ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது கோப்பையை ஊற்றி எதிர் முக்காலியில் வைத்தாள். அது ஆறிப்போனது, கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். கால் விரல்கள் மரத்துவிட்டன. வீட்டிலும் இதே காலிதான், இங்கே குளிர் வேறு என்று நினைத்துக்கொண்டு பெட்டியின் மூடியைத் திறந்தாள். ராஜாவை உள்ளே வைத்தாள். ராணியை வைத்தாள்.

விரிப்பின்மேல் ஒரு நிழல் விழுந்தது. தடித்த விரல்கள் இறங்கி வெள்ளைக் குதிரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பின.

"இந்தக் குதிரையோட காது சரியில்லையே, அம்மணி."

ஸியூரி நிமிராமலே கேட்டாள். "கடையை யார் பாக்குறா?"

"வெனேரா. திட்டிக்கிட்டே பாக்குறா."

"காது அப்படித்தான். ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

ஜும்பெர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சமும் ஆடாத பலகையின் மூலையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பலகையும் கொஞ்சம் ஆடுது" என்றார். "வாங்குறதா வேண்டாமான்னு இன்னைக்கே சொல்ல முடியாது போலிருக்கே."

ஸியூரி ராஜாவையும் ராணியையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள்.