மணலில் மூன்று சுற்று

பொன்னம்பலம் வாய் திறக்காமல் கோயிலை உருண்டு சுற்றி மூன்று சுற்றுப் பிரதட்டை செய்வதாக முருகனுக்கு நேர்ந்திருந்தார். அந்தச் செய்தியை மட்டும் வல்வெட்டித்துறையில் ஒருவரையும் விடாமல் வாய் திறந்து சொல்லியிருந்தார்.

"அப்ப நானும் மூண்டு," என்றார் பக்கத்து வீட்டுக் கனகரத்தினம். அன்றிலிருந்து இருவருக்கும் நித்திரை இல்லை.

தேர்த்திருவிழாக் காலை, ஈர வேட்டியோடு ஐம்பது ஆண்கள் கோயில் வெளிவீதி மணலில் உருண்டார்கள். உருளுகிறவருக்குத் திசை தெரியாது. வீட்டார் ஒருவர் கூடவே நடந்து திருப்பிவிட வேண்டும். பொன்னம்பலத்தோடு மனைவி பத்மாவதி நடந்தார். முதல் மூலையிலேயே எல்லோரும் முட்டிக் குவிந்தார்கள். பிரிந்தபோது எல்லோர் முகமும் ஒரே மணல்.

குடை நுனி ஒன்று பொன்னம்பலத்தின் விலாவில் குத்தியது. "இஞ்சாலை உருளுங்கோப்பா, கெதியா. உந்தப் பொன்னம்பலத்தார் முந்தப் போறார்."

குரல் கனகரத்தினத்தின் மனைவி கனகாம்பிகையுடையது. பொன்னம்பலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாய் திறந்தால் நேர்த்தி போச்சு. திறக்காவிட்டால் சுற்றெல்லாம் கனகரத்தினத்தின் பேரில் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு உருண்டார்.

"அந்தாள் உருளுறது பக்தியிலையே? ஊருக்குக் காட்டத்தான். அந்த வயித்துக்குத் தள்ளவும் தேவையில்லை, தன்ரை பாட்டிலை ஓடும்."

இரண்டாம் சுற்றைக் கோபமே உருட்டியது. மூன்றாவதில் கோபிக்கவும் மூச்சில்லை. இந்த வீதியில் தான் யாரென்று ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு, விநோதமாக, கொஞ்சம் சுகமாக இருந்தது.

"மூண்டு! எங்கடை ஆள் மூண்டு!" கனகாம்பிகை ஊருக்கே கேட்கக் கூவிவிட்டு, செம்புத் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றினார். மணல் கரைந்தது. "ஐயோ, பொன்னம்பலம் அண்ணையே!"

கனகாம்பிகையின் ஆள் கனகரத்தினமோ முதல் மூலையிலேயே எழும்பிப் போய், மோர்ப்பந்தலில் மூன்றாவது குவளையோடு இருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

பத்மாவதி மூச்சிரைக்க வந்தார். "அந்த மூலையோடை எங்கையப்பா ஒளிச்சனீங்கள்? கனகரத்தினத்தார் மூண்டாம். ஊரே கதைக்குது!"

நேர்த்தி முடிந்துவிட்டது. இனிப் பேசலாம். கனகாம்பிகை செம்பை நெஞ்சோடு அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னம்பலம் காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"முழங்கால் நோகுதப்பா," என்றார் கடைசியில்.

பிறகு உள்ளே போய்க் கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டார். எழும்பும்போது ஒரு சந்தேகம் வந்தது. அவ்வளவு மணலில் முருகனும் ஆளை மாறிப் பார்த்திருந்தால்? அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மூலஸ்தானத்தை நோக்கி மெல்ல மூன்று விரலைக் காட்டினார்.