மாலை போட்ட நாற்பது நாள்

ஜோஸ்வின் குடியை விட்டதைத் தங்கச்சிமடம் முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டவன் ஜோஸ்வின்தான். வேளாங்கண்ணிக்கு நடந்துபோக மாலை போட்ட அன்றே காவி வேட்டியோடு வாட்ஸ்அப்பில் படம் வைத்தான். நாற்பது நாள் விரதம். குடி கிடையாது, கறி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. இதில் எது முதலில் முறியும் என்று கூட்டாளிகள் பந்தயம் கட்டினார்கள்.

அவனுக்கு இருபத்தாறு வயது. அதற்குள் விசைப்படகு முதலாளியிடம் முன்பணமும், மனைவி அனிட்டா பெயரில் மூன்று குழு லோனும் வாங்கிக் கரைத்திருந்தான். லோனை வாராவாரம் கட்டுவது, நண்டு கம்பெனியில் நண்டு உடைக்கும் அனிட்டா. அவனுடைய பங்கு, கணவர் என்று அச்சிட்ட இடத்தில் ஒரு கையெழுத்து.

மாலை போட்டதில் ஒரு சௌகரியம் இருந்தது. மாதாவுக்கு நேர்ந்துகொண்டவனிடம் கடன் கேட்க முதலாளிக்குக் கூச்சமாக இருந்தது. விரதத்தைக் காரணம் காட்டி ஜோஸ்வின் கடலுக்கும் போகவில்லை.

பத்தாம் நாள் கூட்டாளி ரூபஸ் வழியனுப்பு விழாவுக்குப் பட்டியல் கொண்டுவந்தான். 'குடியை வென்ற கோமகன்' என்று பதினைந்து அடியில் பிளெக்ஸ், ஒலிபெருக்கி, பட்டாசு. கடைசியாக, திரும்பி வந்து மாலை கழற்றும் விருந்து. அதில் குளிர்பானம் என்ற தலைப்பில் மட்டும் இருபதாயிரம். மொத்தம் நாற்பதாயிரம். நாற்பது நாள் குடிக்காமலிருக்கும் செலவில் பாதி, நாற்பத்தோராம் நாள் குடிப்பதற்கு.

ஜோஸ்வின் அனிட்டாவை இன்னொரு லோன் எடுக்கச் சொன்னான். அவள் சரி என்றாள். மூன்று லோனுக்கும் மூன்று நாள் அழுதவள் இப்போது ஏன் உடனே சம்மதித்தாள் என்று அவன் யோசித்திருக்கலாம். தன் தவத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டான்.

லோன் என்றால் காரணம் எழுத வேண்டும். அந்தத் தெருவில் எல்லோரும் எழுதும் காரணம் ஆடு வளர்ப்பு. காகிதக் கணக்குப்படி அங்கே மனிதரைவிட ஆடுகள் அதிகம். கண்ணால் பார்த்தால் சூசைமுத்துவின் ஒரே வெள்ளாடு. புகைப்படத்துக்கு நிற்க அதற்கு இருநூறு ரூபாய் வாடகை. ஏழு லோனுக்கு நின்ற அனுபவத்தில் அது கேமராவைப் பார்த்ததும் தலையைத் தூக்கும். அனிட்டா ஒரு பக்கம், காவியில் ஜோஸ்வின் மறுபக்கம். படம் எடுத்தவன், முதுகுளத்தூரிலிருந்து வரும் லோன் கம்பெனிப் பையன் பிரபு.

வாரக் கூட்டத்தில் குழுத் தலைவி லீமாரோஸ் நேராகவே கேட்டாள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் கட்ட வேண்டும். நாலாவது லோனுக்கு யார் பொறுப்பு? அனிட்டா தன் யோசனையைச் சொன்னாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பிரபுவிடம் அவள் அவனுடைய அப்பாவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

பணம் ஏறிய மறுநாள் ஜோஸ்வின் அவளுடைய ஏடிஎம் கார்டோடு போனான். முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் இருந்தது. திரும்பி வந்தபோது வாசலில் ஒரு குட்டி லாரி நின்றது. முதுகுளத்தூரில் ஆடு வளர்த்து விற்கும் கூத்தையா, பிரபுவின் அப்பா, ஐந்து ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் சினை.

ஜோஸ்வினின் வாய் ஒரு பழைய வார்த்தைக்குத் திறந்தது.

"மாலைல இருக்கீக," என்றாள் அனிட்டா. "பார்த்துப் பேசுங்க."

வாய் மூடியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றான், மிகச் சாந்தமாக.

"ஆடு வளர்ப்புன்னு எழுதி நீங்கதான கையெழுத்துப் போட்டீக. படத்துலயும் நிக்கிறீக."

"மாலையக் கழட்டிப்புடுவேன் பாரு."

"கழட்டுங்க. முதலாளி ரெண்டு தடவ வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாரு."

அவன் கழற்றவில்லை.

சாயங்காலம் ரூபஸ் நாலு பேரோடு வந்தான். பணம் எங்கே என்று கேட்க வந்தவன் ஆடுகளைக் கண்டதும் முகம் மலர்ந்தான். ஒன்றை விற்றால் பிளெக்ஸ், ஒன்றை அறுத்தால் விருந்து என்று அங்கேயே கணக்கைத் திருத்தி, கொழுத்த ஆட்டின் கயிற்றை அவிழ்த்தும்விட்டான். அனிட்டா ஜோஸ்வினைப் பார்த்தாள். ஓர் ஆடு போனால் ஐந்தும் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜோஸ்வின் கூட்டாளிகளைப் பார்த்தான். பல வருடங்களில் முதல்முறையாக, சாயங்கால நேரத்தில், தெளிந்த கண்ணோடு பார்த்தான். மொத்தத்தில் அவர்கள் அத்தனை அழகாக இல்லை. எதிர்வீட்டு வாசலில் லீமாரோஸும் குழுப் பெண்களும் வந்து நிற்பதும் தெரிந்தது.

"ஏலே ரூபஸு, கயித்த விடுறா."

"ஒரு ஆடுதானலே, மாப்ள."

"ஒண்ணு கொறைஞ்சா பத்துப் பொம்பளைக உன் வீட்டு வாசல்ல வந்து ஒக்காருவாக. ஒக்காந்தா எந்திரிக்க மாட்டாக. விடு."

இது ஞானமா பயமா என்று அவனுக்கே தெரியாது. அனிட்டாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ரூபஸ் கயிற்றை விட்டான். தன் நண்பனை மதம் மாற்றிவிட்டதாக அவளைக் குறை சொல்லிக்கொண்டே கூட்டம் கலைந்தது.

அவர்கள் தெரு திரும்பும்வரை ஜோஸ்வின் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். பிறகு, இதுகளுக்கு என்னதான் போடுவது என்று கேட்டான். வேப்பங்குழை என்றாள் அனிட்டா, அரிவாளை நீட்டி.

"சனிக்கிழமை படகு கெளம்புது, கடலுக்குப் போங்க. அதுவரைக்கும் மரம் ஏறுங்க."