சேறு படிந்த இரண்டு குளிர்காலங்கள்

1976 நவம்பரில், கெல்வா ஏரி உறைந்த நான்காம் நாள் காலை, உர்போ தொல்வானெனின் வீட்டுக்குள் ஏரிச்சேறு படியத் தொடங்கியது. கூரை ஒழுகவில்லை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன. வெண்ணெய்த் தட்டின் மேலும், கடிகாரத்தின் மேலும், தூங்கிக்கொண்டிருந்த நாயின் மேலும் நைசான பழுப்புக் களிமண் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நாய் எழுந்து உதறியது. சேறு காற்றில் எழும்பி, மறுபடி இறங்கியது. டிசம்பர் பிறப்பதற்குள் ஊரின் இருபத்தாறு வீடுகளிலும் இதே கதை. அந்தக் குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு விலை ஏறியது, தபால் வண்டி வாரம் இரண்டு முறையாகக் குறைந்தது, வீடுகளில் சேறு படிந்தது. பனி தள்ளும் மண்வெட்டியை எல்லோரும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள்.

சேறு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கு மேலே இருக்கும் சதுப்பின் மக்கிய மண்ணைச் சுரண்டி, காயவைத்து, கொதிகலன்களுக்கு எரிபொருளாக விற்க ஒரு கம்பெனி வந்திருந்தது. அந்தக் கோடையில் பள்ளிக்கூடத்தில் அனுமதிக் கூட்டம் நடந்தது. கம்பெனி இன்ஜினியர் கரும்பலகையில் மூன்று குட்டைகளை வரைந்து, சதுப்பிலிருந்து வடியும் சேறெல்லாம் இவற்றிலேயே தங்கிவிடும், ஏரிக்குச் சுத்தமான தண்ணீர்தான் வரும் என்றார். பொய். பனி உருகும் காலத்தில் ஒரு வாளி ஏரித்தண்ணீரை வாசலில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். மணல் உடனே இறங்கிவிடும், மாவு போன்ற அந்த நைசு இறங்காது. அது இறங்க ஒரு முழுக் குளிர்காலம் வேண்டும். மேலே பனிப்பாளம் மூடி, காற்று தண்ணீரைத் தொடாமல், எல்லாம் அசையாமல் கிடந்தால்தான் அது அடியைச் சேரும். அந்த அடியில்தான், கூழாங்கல் திட்டில், முயிக்கு மீன் அக்டோபரில் முட்டையிட்டுவிட்டுப் போகும். மே மாதம் வரை முட்டைகள் அங்கேயே கிடக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுந்து சொல்ல வேண்டியவர் உர்போ. மீனவர் சங்கத் தலைவர் அவர்தான். அவருடைய மனைவி சைமி, ஊரிலேயே அதிக வலைகள் போடுகிறவள், அன்றைக்கும் வலை எடுக்கப் போயிருந்தாள், புருஷன் பேசுவான் என்று நம்பி. கூட்டத்தை நடத்திய அரசு அதிகாரி மூன்று முறை கேட்டார், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று. அந்த நேரம் பார்த்துக் காபியும் பன்னும் வந்தன. எங்கள் ஊரில் காபி மேஜைக்கு முதல் ஆளாக யாரும் எழுந்து போகமாட்டோம்; அது மரியாதை இல்லை. நாற்பது பேர் அடுத்தவன் எழட்டும் என்று அடுத்தவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காபியும் ஆறிப்போனது, ஆட்சேபமும் ஆறிப்போனது. குமாஸ்தா "ஆட்சேபம் இல்லை" என்று எழுதி மை ஒற்றினார். நானும் இரண்டாம் பெஞ்சில் இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது, கம்பெனிமேல் பாதி, என்மேல் பாதி.

சைமிக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவளுக்கு முழுக்கோபமும் ஒரே ஆள்மேல்.

"மூணு தடவ கேட்டானாமே. மூணு தடவயும் உன் வாயில என்ன, பன்னா?"

"யாராச்சும் பேசுவாங்கன்னு பாத்தேன்."

"அந்த யாராச்சும் நீதான்யா. தலைவர்னு உன்னத்தானே வெச்சிருக்கு? இல்ல கதவுக்கு முட்டுக் குடுக்கவா?"

சேறு வந்த முதல் வாரத்திலேயே அவள் ஒன்றைக் கவனித்துவிட்டாள். தான் திட்டும்போது வெண்ணெய்த் தட்டிலிருந்து சேறு எழும்பி மிதக்கிறது; மூச்சு வாங்க நிறுத்தினால் இறங்குகிறது. வாய் மூடிய வீடுகளில்தான் அது கனமாகப் படிந்தது. ஈவாரியும் ஆர்மஸும் ஒரே கூரையின் கீழ் இருபத்தைந்து வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி. அவர்கள் வீட்டில் இரண்டே குளிர்காலத்தில் சேறு ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கோடையில் படிந்தது வெளிர் பட்டை, குளிர்காலத்தில் படிந்தது கரும்பட்டை என்று சுவரில் எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் மாடி ஜன்னலில் ஏணி வைத்துக்கொண்டார்கள், அப்போதும் ஒரு வார்த்தை பேசாமல்.

வீட்டுச்சேற்றைச் சைமி பொருட்படுத்தவில்லை. அவளுடைய உயிர் கூழாங்கல் திட்டில் இருந்தது. 1978 மே மாதம் நீண்ட காம்புக் கரண்டியால் அங்கிருந்து அள்ளினாள். விரல் தடிமனுக்குப் பழுப்புச் சேறு. அடியில் முட்டைகள் வெளுத்துச் செத்துக் கிடந்தன. அவள் கம்பெனிக்கு எழுதினாள். எல்லா அளவுகளும் அனுமதித்த வரம்புக்குள் இருப்பதாகப் பதில் வந்தது. அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் வீட்டுச்சேறு மொத்தமும் எழும்பிப் புகைபோக்கி வழியாக வெளியேறியது. உர்போ போர்வைக்குள் இருந்தார்.

அந்த நவம்பரில், ஆள் தாங்கும் அளவுக்கு ஏரி உறைந்த முதல் நாள், அவள் கோடரியோடு போய்த் திட்டுக்கு நேர் மேலே துளை வெட்டினாள். கலைமான் தோலை விரித்துக் குப்புறப் படுத்து, துளைக்குள் முகத்தை வைத்துக் கத்தினாள். "ஏய் கம்பெனிக்காரா, அந்த மூணு குட்டையிலயும் உன் தலைய முக்கி எடுடா. அளவு சரியா இருக்கான்னு அப்பச் சொல்லு." அடியில் இறங்கிக்கொண்டிருந்த சேறு நின்றது, யோசித்தது, எழும்பியது. ஏரி வடியும் ஆற்றோடு அது வெளியே போனது. அவள் விடவில்லை. தொண்டை கட்டியபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் மாற்றுக்கு வந்தார்கள். ஜனவரிக்குள் கடைக்கதவில் முறைப்பட்டியல் ஒட்டியாகிவிட்டது. கம்பெனி, அமைச்சர், பாதிரியார், மாமியார் என்று திட்டுவதற்கு விஷயப் பஞ்சமே இல்லை. ஆண்கள் கடைசியாக வந்தோம், வெட்கப்பட்டுக்கொண்டு. ஈவாரியும் ஆர்மஸும்கூட வந்தார்கள், துளைக்குள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். நான்காம் ஆண்டு முயிக்கு திரும்பி வந்தது. ஆற்றோடு போன சேறு, கம்பெனித் தலைமையகம் இருந்த நகரத்தில், கம்பளம் விரித்த அமைதியான கூட்ட அறையில் படிந்ததாகக் கேள்வி. அவர்கள் கூட்டத்தை ஒரு மாடி மேலே மாற்றிக்கொண்டார்கள்.

உர்போ மட்டும் பட்டியலில் இல்லை. தினமும் ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்து துளையருகே வைப்பார், போய்விடுவார். இப்படிப் பத்துக் குளிர்காலம். 1988 நவம்பரில் சைமியின் குரல் முழுதாகக் கட்டிக்கொண்டது. வசந்தம் வரை ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்றார் டாக்டர். அதே வாரம் ஊர் முழுக்கக் காய்ச்சல். துளையில் ஆள் இல்லை. முட்டைகள் அடியில் கிடந்தன, வெண்ணெய்த் தட்டில் சேறு இறங்க ஆரம்பித்தது. சைமி கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினாள். உர்போ அவளை முந்திக்கொண்டு போய்க் குப்புறப் படுத்தார்.

"ஆட்சேபம் இருக்கு" என்றார் கடைசியில், தண்ணீரைப் பார்த்து.

சைமி நோட்டில் ஒரே ஒரு சொல் எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்: சத்தமா.

"ஆட்சேபம் இருக்கு. அந்தக் குட்டைல நைசு நிக்காது. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பயந்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். பன்னெண்டு வருஷமா ஆட்சேபம் இருக்குய்யா."

சேறு எழும்பியது. அவர் மே மாதம் பனி உடையும் வரை நிறுத்தவில்லை; மற்றவர்கள் குணமாகி வந்து தோளைத் தட்டியும் இடம் விடவில்லை. சைமி அவரை மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. காபி மட்டும் அவள் கொண்டுபோனாள்.

1994இல் கம்பெனி போய்விட்டது. வெட்கத்தினால் அல்ல, சுரண்டச் சதுப்பு மிச்சமில்லை. வெட்டவெளியாய்க் கிடந்த அந்த மண்ணிலிருந்து சேறு இன்னும் வந்துகொண்டிருந்தது, நாங்களும் கத்திக்கொண்டிருந்தோம். அடுத்த மார்ச்சில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். உலர்பனி நிரப்பிய உலோகக் குழாயைத் திட்டோரச் சேற்றில் இறக்கி, அதன்மேல் சேறு உறைந்து ஒட்டியதும் தூக்கினார். கீழே ஆயிரக்கணக்கான வருஷங்கள், வருஷத்துக்கு ஓர் அடுக்காக, தாள்தாளாக. உச்சியில் விரல் தடிமனில் இரண்டு பழுப்பு அடுக்குகள். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை.

"பதினேழு வருஷத்த காணோமே" என்றார் அவர்.

"அப்ப நாங்க பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள் சைமி. குரல் கரகரத்தது. "அந்தத் தடிச்ச ரெண்டு இருக்கு பாரு, அது இந்தாளு சும்மா இருந்தப்ப படிஞ்சது. பேர் எழுதிக்க. உர்போ தொல்வானென்."

"ஊர்ல எல்லார் பேரையும் எழுதிக்குங்க" என்றார் உர்போ.

ஆய்வாளர் தலை குனிந்து, ஒன்றும் பேசாமல், எல்லாப் பெயர்களையும் எழுத ஆரம்பித்தார். நாலாவது பெயரில் அவருடைய சட்டைக்கையில் நைசான பழுப்பு இறங்கத் தொடங்கியது.

"எழுதிக்கிட்டே வாயத் தெறப்பா" என்றாள் சைமி.

அவர் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார்.