ஆனைவாய்ப் பள்ளத்தில் ஒரு ‘ஹை’

தங்கராஜுவுக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டுப் பாஷைதான். பெக்கான் நானாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவன். வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய பட்டாளத்துக் கோவேறு கழுதைகள் இரண்டை ஜப்பான்காரன் கொண்டுவந்து இவன் தலையில் கட்டினான். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? இவனும் மாட்டைப் பழக்குவதுபோலவே கழுதைகளைப் பழக்கிவிட்டான். ‘ஹை’ என்றால் நட. ‘ஓ... ஓ’ என்றால் நில்.

ஒரு நாள் ஜப்பான் கேப்டனுக்கு ஆசை வந்தது, ஆனைவாய்ப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமென்று. முன்பு துரைமார்கள் சிங்கப்பூரிலிருந்து காரில் வந்து பார்த்துப்போன இடம். மலையைப் பிளந்ததுபோல் கிடுகிடு பள்ளம், எதிரே அருவி.

“பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்த்தால் உன்னை சயாம் ரயில்பாதைக்கு அனுப்பமாட்டேன்” என்று கேப்டன் மலாயில் சொன்னான்.

தங்கராஜுவின் மனைவி பேச்சியம்மாள் நிறைமாதக்காரி. தண்டவாளம் போட சயாமுக்குப் பிடித்துக்கொண்டுபோன அவள் அண்ணன் வேலுவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. “ஒங்க புள்ள மொகத்த பாக்கணும்னா, வாயப் பொத்திக்கிட்டுப் போயிட்டு வந்துருங்க” என்றாள்.

ஏறும்போதுதான் வினை வெளியே தெரிந்தது. கேப்டன் முன் கழுதையில். கயிறு தங்கராஜு கையில். பின் கழுதையில் ஒரு சிப்பாய். கேப்டன் திரும்பி ஏதோ சொன்னான். சிப்பாய் விறைத்துக்கொண்டு “ஹை!” என்றான். இரண்டு கழுதைகளும் ஒரே தாவாகத் தாவின.

அடக் கடவுளே! ஜப்பான்காரன் பாஷையில் ‘ஹை’ என்றால் ‘உத்தரவு, ஐயா’. மேலே இருப்பவன் எது சொன்னாலும் கீழே இருப்பவன் அதைத்தான் கத்த வேண்டும். சொல்லாத கன்னத்தில் அறை விழும். தோட்டத்தில் இது தெரியாத ஆளே இல்லை. சிப்பாய்கள் லாயத்துப் பக்கம் வராததால், கழுதைக்கும் அதே சொல்தான் என்பது இவனுக்கு உறைக்கவில்லை.

“துவான், அந்தச் சொல்லு கழுதைக்கு...” என்று தொடங்கினான். கேப்டனின் பிரம்பு காதோடு விழுந்தது. ஒவ்வொரு ‘ஹை’க்கும் கயிற்றை இழுத்துப் பிடித்து “ஓ... ஓ” என்று கெஞ்சிக்கொண்டே நடந்தான். பாதை ஒற்றையடியாகக் குறுகியது. இடப்பக்கம் வெறும் ஆகாயம்.

உச்சியில் கேப்டனுக்குப் போட்டோ பிடிக்க ஆசை. கழுதையை விளிம்புவரை ஓட்டி, அருவியைப் பார்த்து நிறுத்தச் சொன்னான். படத்தில் கூலிக்காரன் விழக்கூடாதாம். கயிற்றை விடச் சொல்லிப் பிரம்பை ஓங்கினான். தங்கராஜு கயிற்றை விட்டு, பின்னால் கேமராவோடு நின்ற சிப்பாயிடம் வந்தான்.

கேப்டன் கழுத்தைத் திருப்பி உத்தரவிட்டான். சிப்பாய் வாயைத் திறந்தான்.

தங்கராஜு பாய்ந்து அந்த வாயைப் பொத்தினான். கேமரா கீழே விழுந்து உடைந்தது. கழுதை அசையவில்லை. அப்பாடா, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

கேப்டன் பார்த்தது வேறு. ஒரு கூலிக்காரன் சக்கரவர்த்தியின் சிப்பாய்மேல் கை வைத்துவிட்டான்.

“நீ சயாம். நாளைக்கே. உன் பெண்டாட்டியும். பாஹாம்?”

விளங்கியதா என்று கேட்கிறான். தங்கராஜு கையெடுத்துக் கும்பிட்டான். “துவான், அவ புள்ளத்தாச்சி...”

“பாஹாம்?” கேப்டன் சேணத்தில் அமர்ந்தபடியே கத்தினான். கழுதையின் முன்னங்கால்களுக்கு அப்பால் தரை இல்லை. பதில் சொல்லச் சொல்லிச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் இவன் முதுகில் இடித்தான்.

இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதானே உண்டு? தங்கராஜு நிமிர்ந்தான். ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்தபடியே இடுப்பை வளைத்து வணங்கினான். பிறகு, சேற்றில் சிக்கிய வண்டியைக் கிளப்பும்போது கொடுக்கிற அதே குரலில், அடிவயிற்றிலிருந்து கொடுத்தான்:

“ஹை!”