பார்வை மொய் வாங்கிய வைஃபை பெட்டி

சிர்காக் படிப்பது நீர்ப்பாசனம், மூன்றாம் ஆண்டு. ஆனால் பிஷ்கெக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கையில் லேப்டாப்போடு இறங்குவதால், கராகோலில் அவன் தெருக்காரர்கள் அவனைக் கம்ப்யூட்டர் எஞ்சினியர் என்று முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு முறை மறுத்துப் பார்த்தான். அடக்கமான பையன் என்ற பெயர் கூடுதலாகக் கிடைத்தது. அதோடு விட்டுவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லேப்டாப் திரையில் அவன் அக்கா ஜிபார் ஒரு கண்ணை மூடியபடி உறைந்து நின்றாள். குரல் மட்டும் அரை நிமிடம் கழித்து வந்தது.

"அதா, உங்க வாய் மட்டுந்தான் தெரியுது. ரொம்ப நேரமா தொறந்தே இருக்கு. மூடிக்கோங்க."

அதா என்றால் அப்பா. மமித் வாயை மூடிக்கொண்டார். முப்பது வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். இரும்பை இரும்போடு ஒட்டவைத்த மனிதருக்கு மகளோடு ஒரு லைன் ஒட்டவில்லை.

ஜிபார் எல்லைக்கு அப்பால் யெகாத்தரின்பூர்கில் இருந்தாள். அவளுக்கு மகன் பிறந்து அன்று ஏழாம் நாள். மூன்று மணிக்குக் குழந்தையின் காதில் தொழுகை அழைப்பைச் சொல்லி, பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். யார் கூப்பிடுகிறாரோ அவர் சொன்னதுதான் பெயர். பிறகு தலைகீழாக நின்றாலும் மாறாது. கூப்பிடும் பாக்கியம் மமித்துக்கு என்று சம்பந்திகள் பேசி முடித்திருந்தார்கள். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சம்பந்தி தோக்தோசுன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். லைன் கிடைக்காவிட்டால் பச்சைப் பிள்ளையைக் காக்க வைக்க முடியாது, அவரே கூப்பிட்டுவிடுவார்.

மமித் தேர்ந்தெடுத்த பெயர் எசென். நலம் என்று பொருள். தோக்தோசுன் மல்யுத்த ரசிகர். அவர் தேர்ந்தெடுத்த பெயர் சாம்பியன்.

"சாம்பியன்னு ஒரு பேராடா?" என்றார் மமித். "நாளைக்குக் கணக்குல முட்டை வாங்கிட்டு வந்தா வாத்தியார் என்னன்னு கூப்பிட்டுத் திட்டுவாரு?"

"அஞ்சு மணி நேரம் இருக்கு அதா. நெட்ட நான் பாத்துக்கறேன்," என்றான் சிர்காக்.

"பாக்கட்டுமே," என்றாள் அவனைப் பெற்ற அபா பூராகான், மாவு பிசைந்த கையை உதறிக்கொண்டே. "இதுக்குத்தானே எஞ்சினியருக்குப் படிக்க வெச்சோம்."

சிர்காக் முதலில் வைஃபை பெட்டியைத் தேடினான். வாங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அபா அதற்கு விருந்தாளிக்குரிய மரியாதை செய்திருந்தாள். விருந்தறையில், வாசலுக்கு எட்டாத தூரத்தில், பெரியவர்களை உட்கார வைக்கும் மூலையில், கண்ணாடி அலமாரிக்குள் பளிங்குக் கிண்ணங்களுக்கு நடுவே அது இருந்தது. அலமாரியின் முதுகு முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. பெட்டியின் மேல் பூவேலை செய்த துணி ஒன்று, முக்காடு மாதிரி.

"அபா, இதுக்குள்ள வெச்சா சிக்னல் எப்படி வெளிய வரும்?"

"வெளிய வெச்சா கண்ணு பட்டுரும்டா."

முக்காட்டை நீக்கி, பெட்டியை முற்றத்தைப் பார்த்த ஜன்னல் விளிம்புக்குக் குடிமாற்றினான். சிக்னல் கோடுகள் எல்லாம் எழுந்து நின்றன. ஜிபாரை மறுபடி கூப்பிட்டான். அவள் உடனே வந்தாள், உடனே உறைந்தாள். முன்பு மங்கலாக உறைந்தவள், இப்போது தெளிவாக உறைந்தாள். முன்னேற்றம்தான்.

ஒயரைப் பிடுங்கிச் செருகினான். பெட்டியை அணைத்து, நூறு வரை எண்ணி, மறுபடி போட்டான். கடைசியில் நெட் கம்பெனிக்குப் போன் செய்தான். எடுத்த பெண் மிகுந்த அமைதியோடு பேசினாள்.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க. உங்க வீட்ல எத்தனை பேரு?"

"இப்போ மூணு பேரு."

"நாப்பத்தொரு போனும் டிவியும் ஓடுதேங்க. கூட்டுக் குடும்பமா?"

சிர்காக் பெட்டியின் கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். உண்மைதான். நீர்ப்பாசனக்காரனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வாய்க்கால் ஒன்று, மடை நாற்பத்தொன்று. கடைமடையில் அவன் அதா குடத்தோடு நிற்கிறார்.

"அபா, பாஸ்வேர்ட யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கல." அபா மாவைப் புரட்டிப் போட்டாள். "மொய் வெச்சவங்களுக்கு மட்டுந்தான்."

புது மருமகளை, புதுக் குழந்தையை, புது வண்டியை முதல்முறை பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பார்வை மொய் வைப்பார்கள். அந்தத் தெருவில் முதல் வைஃபை பெட்டி வந்த அன்று ஊரே வரிசையில் வந்து பார்த்திருக்கிறது. அக்கா முறை துர்சுன் எஜே ஐந்து முழம் துணி வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு சாய்ரா எஜே உப்பிட்டு உலர்த்திய ஆட்டுத்தொடை. இன்னொருவர் இரண்டு கிலோ மிட்டாய்.

"மொய்ய வாங்கிட்டு வெறும் டப்பாவ மட்டும் காட்டி அனுப்பச் சொல்றியா? பச்சை லைட்டு எரியறதப் பாக்கவா வந்தாங்க?"

"பாஸ்வேர்ட மாத்திடறேன்."

"மாத்து. அப்புறம் மொய்யத் திருப்பிக் குடு. துர்சுன் எஜே துணி உங்கப்பா முதுகுல இருக்கு. சாய்ரா எஜே ஆட்டுத்தொடைய நேத்து நீதான் தின்ன."

மமித் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கழற்றும் உத்தேசம் அவரிடம் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் சிர்காக் தெருவில் இறங்கினான். மூன்று மணியிலிருந்து அரை மணி நேரம் நெட்டை நிறுத்தி வையுங்கள் என்று வீடு வீடாகக் கேட்பது திட்டம். கேட்பதற்குப் பத்து வினாடி போதும். ஆனால் வீட்டுக்குள் வந்தவன் ரொட்டியைக் கிள்ளி வாயில் போடாமல் திரும்பக்கூடாது. ரொட்டி வந்தால் கூடவே தேநீர் வரும், தேநீர் வந்தால் கல்யாணப் பேச்சு வரும். ஒன்பதாவது வீட்டில் அவனுக்கு இரண்டு பெண்கள் பார்க்கப்பட்டிருந்தார்கள்.

துர்சுன் எஜே விஷயத்தைக் கேட்டதும் கையைத் தட்டிக்கொண்டாள். "ஜிபார் புள்ளைக்குப் பேரா? மொதல்லயே சொல்றதுக்கென்ன? நெட்டு என்னடா நெட்டு, நிறுத்திட்டாப் போச்சு."

எல்லா வீட்டிலும் இதே பதில். சிர்காக் இரண்டேமுக்காலுக்கு வயிறு முட்டத் தேநீரோடும் வெற்றிக் களிப்போடும் வீடு திரும்பினான். அவனுக்குப் பின்னாலேயே தெருவும் திரும்பியது. பெயர் வைக்கிற செய்தி தெரிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது மரியாதையா? சொன்னபடியே டிவியை எல்லாம் அணைத்துவிட்டு, குழந்தைகளையும் கிளப்பிக்கொண்டு, முற்றம் நிறைய வந்து நின்றார்கள்.

கையில் போன்களோடு. சாய்ரா எஜே மாஸ்கோவில் இருக்கும் தங்கைக்கு நேரலை காட்டிக்கொண்டிருந்தாள். துர்சுன் எஜே ஓஷில் இருக்கும் மகளுக்கு. நாற்பத்தொன்று ஐம்பத்தாறாகியிருந்தது. ஜன்னலுக்குள் லேப்டாப் முன்னால் மமித் லைன் கிடைக்காமல் தவிப்பது இரண்டு நாடுகளில் தெளிவாகத் தெரிந்தது. அவருக்கு மட்டும் ஜிபார் தெரியவில்லை.

"கொஞ்சம் நிறுத்துங்களேன் எஜே," என்று சிர்காக் ஜன்னலிலிருந்து கெஞ்சினான்.

"நாங்க நெட்டுப் பாக்கலடா. காட்டறோம்," என்றாள் சாய்ரா எஜே.

மணி மூன்று. திரை அசையவில்லை. ஒலி மட்டும் துண்டு துண்டாக வந்தது. முதலில் குழந்தை அழுதது. பிறகு தோக்தோசுனின் கனத்த குரல்.

"சம்பந்தி... புள்ள பசில... லைனு... நானே கூப்பிட்டுறவா?"

மமித்தின் முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு நிமிஷம் சம்பந்தி," என்று அவர் சொன்னது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் அங்கிருந்து கேட்டது. ஒரு சாம்பியன் புறப்படும் சத்தம்.

சிர்காக் முற்றத்தைப் பார்த்தான். ஐம்பது கைகள், ஐம்பது போன்கள். அந்தக் கைகளைப் போனிலிருந்து பிரிக்க இந்த ஊரில் எது முடியும் என்று யோசித்தான். கூட்டத்தில் போன் இல்லாமல் நின்ற ஒரே மனிதர் கண்ணில் பட்டார். காசிமாலி அகே, தெருவுக்கே பெரியண்ணன் முறை. ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். அவர் விருந்துகளில் ஆசி சொல்ல ஆரம்பித்தால் சூப்பில் கொழுப்பு உறைந்துவிடும். அதனால் இரண்டு வருடமாக இந்தத் தெருவில் யாரும் அவரைச் சொல்லவிடுவதில்லை.

சிர்காக் ஜன்னல் வழியாகவே வெளியே குதித்தான்.

"அகே, ஆசி சொல்லுங்க."

காசிமாலி சந்தேகத்தோடு பார்த்தார். "சின்னதாவா?"

"உங்ககிட்ட இருக்கறதுலயே பெருசு."

கிழவரின் கண் கலங்கிவிட்டது. தொப்பியைச் சரிசெய்தார். இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு முன் விரித்து, மலையிலிருந்து இறங்குகிற குரலில் ஆரம்பித்தார்.

ஆசி ஆரம்பித்தால் ஆரம்பித்ததுதான். இரண்டு கையும் விரிய வேண்டும். முடிவில் 'ஓமீன்' என்று முகத்தைத் தடவும்வரை இறக்கக் கூடாது. இறக்கினால் ஆசி வழியில் கொட்டிப்போகும். சாய்ரா எஜே தங்கையிடம் சொல்லிக்கொள்ளாமலே நேரலையை நிறுத்தினாள். துர்சுன் எஜே மகளை அணைத்துப் பாவாடைப் பையில் போட்டாள். ஐம்பது போன்களும் பைகளுக்குள் இறங்கின, நூறு உள்ளங்கைகள் எழுந்தன. அடுப்படி வாசலில் அபாவின் மாவுக் கைகளும் எழுந்தன.

திரையில் ஜிபார் கண்ணைத் திறந்தாள்.

"அதா, தெரியறீங்க. முழுசாத் தெரியறீங்க."

அவளுக்குப் பின்னால் தோக்தோசுன், குழந்தையின் காதருகே குனிந்து வாயைத் திறந்தவர், அப்படியே நிமிர்ந்தார். ஜன்னல் வழியாக ஆசி அங்கேயும் போய்க்கொண்டிருந்தது. மலைகள் நிற்கும்வரை இந்தக் குடும்பம் நிற்கட்டும் என்று காசிமாலி சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர் தோக்தோசுன். ஆசி காதில் விழுந்த பிறகு என்ன செய்ய முடியும்? மெதுவாக இரண்டு கைகளையும் விரித்தார். ஆசி நடக்கும்போது சொந்தப் பேச்சு பேசுவதற்கில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

ஜிபார் போனைத் தொட்டிலுக்குள் கொண்டுபோனாள். திரை முழுக்க ஒரே ஒரு காது. உலர்ந்த வாதுமைப் பழம் அளவு இருக்கும், ஓரத்தில் மெல்லிய ரோமம். மமித்துக்கும் கைகள் தாமாக விரிந்துவிட்டன. லைன் கிடைத்துவிட்டதால் முறை அவருடையது; தொழுகை அழைப்பும் ஆசியோடு சேர்த்திதான். விரித்த கைகளோடே குனிந்து, அழைப்பைத் தடுமாறாமல் சொன்னார். பிறகு கூப்பிட்டார்.

"உன் பேரு எசென். உன் பேரு எசென். உன் பேரு எசென்."

காது லேசாக அசைந்தது. அழுகை நின்றது. சிர்காக் ஜன்னலுக்கு வெளியிலிருந்தே சாட்சிக்குத் திரை மூலையின் சிக்னல் கோடுகளைப் பார்த்தான். லைன் ஒரு துளிகூடத் தேங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மமித் கொஞ்ச நேரம் காதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வெளியே காசிமாலி குழந்தைக்கு நல்ல பற்கள், நல்ல நண்பர்கள், இடுப்பு வலிக்காத முதுமை எல்லாம் கேட்டு முடித்திருந்தார். துர்சுன் எஜே விரித்த கைகளை வயிற்றில் முட்டுக்கொடுத்திருந்தாள். யாருக்கும் குறுக்கிடத் துணிச்சலில்லை.

"ஓமீன்," என்றார் மமித், போதும் என்று நினைத்து.

"ஓமீன்," என்று முற்றம் முழுவதும் முகத்தைத் தடவிக்கொண்டது. யெகாத்தரின்பூர்கில் தோக்தோசுனும் தடவிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டார். "எசென். சரி, நல்ல பேருதான் சம்பந்தி. அடுத்தவனுக்கு நான் கூப்பிடறேன்."

"எந்த அடுத்தவன்?" என்றாள் ஜிபார்.

முற்றம் சிரித்தது. காசிமாலி மட்டும் சிரிக்காமல் ஜன்னலுக்கு வந்து நின்றார். கைகள் இன்னும் பாதி விரிந்தே இருந்தன.

"மமித், நான் இன்னும் ஆசியில குதிரைங்களுக்கே வரலையே."

மமித் அவரைப் பார்த்தார். பிறகு முற்றத்தை, பிறகு திரையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த எசெனை.

"சொல்லுங்க அகே," என்றார். "குதிரைங்கள விட்டுறாதீங்க. ஆட்டையும் சேத்துச் சொல்லுங்க."

நூறு உள்ளங்கைகள் முனகிக்கொண்டே மறுபடி எழுந்தன.